கோடை மழையில் குமரி மலை: ஏறும் முன் பார்க்க வேண்டியதும் இறங்க வேண்டிய நேரமும்

சித்திரை, வைகாசியில் குமரி மாவட்டத்து மலைகள் காலையில் ஆளை ஏமாற்றிவிடும். ஏழு மணிக்கு வானம் கழுவித் துடைத்தது போல இருக்கும். காளிகேசத்தில் ஓடை கணுக்கால் நனையும் அளவுக்குத்தான் ஓடும். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம். பிற்பகல் மூன்று மணிக்கு அதே இடத்தில் இடுப்பளவு செந்நீர் கட்டைகளை உருட்டிக்கொண்டு வரக்கூடும். அந்த நேரத்தில் ஓடையில் நிற்பவர் தலையில் ஒரு துளி மழைகூட விழுந்திருக்காது. மழை பெய்தது சில கிலோமீட்டர் மேலே, அவர் கண்ணுக்கு எட்டாத மலைமடிப்பில்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்ததும் இதுதான். தென்மேற்குப் பருவமழை தொடங்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அருவியில் குளித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் மேல் பிற்பகலில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். குற்றாலம் தென்காசி மாவட்டம்தான், ஆனாலும் மலைத்தொடர் ஒன்று, கோடை மழை வரும் விதமும் ஒன்று.

ஏப்ரல் தொடங்கி, இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடிக்கும் ஜூன் முதல் வாரம் வரை கீரிப்பாறை, காளிகேசம், பேச்சிப்பாறை, மருந்துவாழ்மலை என்று மலைப்பக்கம் நடக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

ஏன் எப்போதும் பிற்பகல்?

குமரி மாவட்டம் இரண்டு கடலுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை. வெயில் ஏறினால் தரை கடலைவிடச் சீக்கிரம் சூடாகும். பத்து, பதினொரு மணிக்குள் மேற்கே அரபிக்கடலிலிருந்து ஒரு காற்று, கிழக்கே மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து ஒரு காற்று, இரண்டும் ஈரத்தைச் சுமந்துகொண்டு உள்ளே வரும். நடுவில் மகேந்திரகிரியும் அதன் கிளை மலைகளும் ஆயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்துக்கு நிற்கின்றன. போக வேறு வழியில்லாத காற்று மேலே ஏறும். ஏற ஏறக் குளிரும். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி. குளிர்ந்ததும் ஈரம் மேகமாகத் திரளும். மதியம் இரண்டு மணிக்கு மேல் அந்த மேகம் இடியும் மழையுமாக உடையும். பல நாட்கள் ஆறு, ஏழு மணிக்குள் எல்லாம் ஓய்ந்து, இரவில் நட்சத்திரம் தெரியும்.

நம் ஊர்களில் பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள் பலர் காஷ்மீர், லடாக் பக்கம் பனிமலையில் வேலை பார்த்தவர்கள். அங்கே வசந்த காலத்தில் பனிச்சரிவுக்கும் இதே போல ஒரு கடிகாரம் உண்டு. இரவுக் குளிரில் பனி இறுகும். விடியற்காலையில் அதன் மேல் நடந்தாலும் கால் இறங்காது. வெயில் பட்டதும் முதலில் கிழக்குச் சரிவு இளகும், பிறகு தெற்கு, அப்புறம் மேற்கு. கால் கணுக்கால் வரை புதையத் தொடங்கிவிட்டால் அந்தச் சரிவில் நிற்கக்கூடாது. அதனால்தான் அங்கே நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கே புறப்பட்டு, வெயில் ஏறும் முன் இறங்கிவிடுகிறார்கள். இங்கே பனி கிடையாது. ஆனால் மலையை முடிவு செய்வது சூரியன்தான் என்பதில் இரண்டு இடத்துக்கும் வித்தியாசம் இல்லை.

முந்தின நாள் வீட்டில் இருந்தே

முதலில் அனுமதி. மலைக்காடு பெரும்பாலும் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு மாநிலம் முழுக்க விதிகள் கடுமையாகிவிட்டன. 2024-இல் வனத்துறை தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு இணையதளத்தில், திறந்திருக்கும் பாதைகளுக்கு வழிகாட்டியோடு பதிவு செய்யலாம். சோதனைச் சாவடியில் 'இன்றைக்கு விட முடியாது' என்றால் அங்கே வாக்குவாதம் வேண்டாம். மேலே இருக்கும் காவலரிடமிருந்து தகவல் வந்திருக்கும்.

அடுத்தது மழைக்கணக்கு. நாளிதழ்களில் தினமும் மாவட்ட மழை அளவு வருகிறது: பாலமோர், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சுருளகோடு, பூதப்பாண்டி, கன்னிமார் என்று ஊர் ஊராக. பலரும் நாகர்கோவில் அளவை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். மலைக்குப் போகிறவர் பார்க்க வேண்டியது மலைப்பக்கத்து மழைமானி நிலையங்களின் அளவு. கீரிப்பாறை, காளிகேசம் என்றால் பாலமோர். திற்பரப்பு, கோதையாறு என்றால் பேச்சிப்பாறை. அச்சாகும் அளவு ஒரு நாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்துக்கானது, அதாவது அதற்கு முந்தின நாள் பிற்பகலில் பெய்த மழை. மூன்று நாள் அளவைக் கூட்டிப் பாருங்கள். நூறு மில்லிமீட்டரைத் தாண்டினால் மண் நிறைய நீர் குடித்துவிட்டது, இனிப் பெய்வதில் பெரும்பங்கு நேராக ஓடைக்குத்தான் போகும் என்று எடுத்துக்கொண்டு, ஓடை கடக்கும் பாதைகளை விட்டுவிடுவோம். இது எங்கள் கைக்கணக்கு. அரசு விதி அல்ல.

வானிலை ஆய்வு மையத்தின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் மாவட்டம் முழுமைக்குமானவை. அவர்கள் கணக்கில் 64.5 மி.மீ.-க்கு மேல் கனமழை, 115.6-க்கு மேல் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. ஆரஞ்சு என்றால் பயணத்தை ரத்து செய்யுங்கள். மஞ்சள் என்றால் ஓடைப்பாதையை விட்டுவிட்டு வேறு பாதை. எச்சரிக்கையே இல்லாத நாளில்தான் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். ஒரு மலைமடிப்பில் மட்டும் ஒரு மணி நேரத்தில் கொட்டிவிட்டுப் போகும் மழையை மாவட்ட அளவிலான முன்னறிவிப்பு முந்தின நாளே பிடிப்பது கடினம்.

அன்று காலையில் திருவனந்தபுரம் ராடார் படத்தையும், மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பையும் பாருங்கள். தாமினி செயலியை ஏற்றி வைத்துக்கொண்டால் சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழுவதைக் காட்டும். ஆனால் மலைக்குள் சிக்னல் இல்லாத இடம் அதிகம். செயலியை நம்பி மேலே போகாதீர்கள். புறப்படுவதா வேண்டாமா என்று கீழே வைத்து முடிவெடுக்கத்தான் அது.

கைக்கடிகாரத்தில் காற்றழுத்தமானி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் போன்ற வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் காலை பத்து மணிக்கு உச்சியில் இருந்து, பிற்பகல் நான்கு மணிக்குள் மூன்று, நான்கு ஹெக்டோபாஸ்கல் தானாகவே இறங்கும். நல்ல வெயில் நாளிலும் இறங்கும். குளிர்நாடுகளை நினைத்துச் செய்த புயல் அலாரம் இதைப் பார்த்துத் தினமும் மதியம் கத்தும். நாலு நாள் பொய்யாகக் கத்தியதைக் கேட்டவர் ஐந்தாம் நாள் எதையுமே நம்பமாட்டார். அதை அணைத்துவிட்டு மேகத்தைப் பாருங்கள்.

நேரம்

வெளிச்சம் வந்ததும் நடக்கத் தொடங்க வேண்டும்; ஆறு, ஆறரை. உச்சியோ அருவியோ, எங்கே போனாலும் பத்தரைக்குத் திரும்ப வேண்டும். பன்னிரண்டரைக்குள் கடைசி ஓடையையும் கடந்து ரோட்டுக்கு வந்திருக்க வேண்டும். 'இன்னும் அரை மணி நேரத்தில் உச்சி' என்பதற்காக இந்தக் கணக்கைத் தளர்த்தாதீர்கள். எட்டு மணிக்குத்தான் சாவடி திறக்கும் என்றால், போகிற தூரத்தைக் குறையுங்கள். திரும்பும் நேரத்தைத் தள்ளாதீர்கள். குழுவில் மெதுவாக நடப்பவரின் வேகத்தை வைத்தே கணக்கிடுங்கள். வெயிலில் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீரும் இரண்டு பொட்டலம் ஓ.ஆர்.எஸ்-உம் வேண்டும்.

மேகம் சொல்வது

காலை ஏழு மணிக்கு உச்சியில் வெள்ளைத் தொப்பி போல மேகம் உட்கார்ந்திருந்தால், ஈரம் நிறைய இருக்கிறது என்று மட்டும் அர்த்தம். ஒன்பது மணிக்குள் அது கரைந்துவிட்டால் கொஞ்சம் நேரம் கிடைக்கும். கரையாமல் அங்கேயே உப்பத் தொடங்கினால் கவனிக்க வேண்டும்.

உப்பும் மேகத்தை அளக்க ஒரு சுலபமான வழி: கையை நீட்டி, மேகத்தின் அடி அகலத்தை விரல்களால் அளந்துகொள்ளுங்கள். பிறகு அதன் உயரத்தை அளங்கள். அகலம் உயரத்தைவிட அதிகமாக இருந்தால் அது சாதாரணப் பஞ்சுமேகம். உயரம் அகலத்தை மிஞ்சிவிட்டால் அது வளர்கிற மேகம். பத்து நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். பதினொரு மணிக்கு முன்பே, காலிஃபிளவர் மாதிரி விளிம்பு கூர்மையாகப் புடைத்துக்கொண்டு உயரம் கூடினால் அப்போதே திரும்புங்கள். உச்சி நார்நாராகப் பிரிந்து, கொல்லன் பட்டடைக்கல் போலத் தட்டையாக விரிந்துவிட்டால் அங்கே ஏற்கனவே மழை கொட்டிக்கொண்டிருக்கிறது.

புழுக்கத்தில் வியர்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று மலைப்பக்கமிருந்து சில்லென்று காற்று அடித்து, மண்வாசனையும் வந்தால், மழை பக்கத்தில் எங்கேயோ இறங்கிவிட்டது. குளிர்ந்த காற்று சுகமாகத்தான் இருக்கும். அதை அனுபவித்துக்கொண்டு நிற்காமல் ஓடையைவிட்டு மேடேறுங்கள்.

ஓடை

உயிர் போவது பெரும்பாலும் இங்கேதான். எனவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு சதுர கிலோமீட்டர் மலையில் ஐம்பது மில்லிமீட்டர் பெய்தால் ஐந்து கோடி லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி நாலாயிரத்துக்கு மேல். மண்ணும் மரமும் அதில் ஒரு பங்கைக் குடித்துக்கொள்ளும். மிச்சம் முழுவதும் பாறைச்சரிவில் வழுக்கி, ஒரே ஓடையில் சேர்ந்து, நீங்கள் நிற்கும் இடம் வழியாகத்தான் போக வேண்டும். நம் மலைகள் செங்குத்து, ஓடைகள் நீளம் குறைந்தவை. மேலே பெய்தது கீழே வர ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படாது.

ஓடைப்பக்கம் உட்கார்ந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை: நீர் விளிம்பில், நீரும் பாறையும் தொடும் கோட்டில், ஒரு குச்சியை ஊன்றுங்கள். ஊன்ற மண் இல்லையென்றால் விரல்கடை உயரமுள்ள ஒரு கல்லை அந்தக் கோட்டில் வையுங்கள். குழுவில் ஒருவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும். குளிக்காமல் கரையில் இருப்பவர்தான் இதற்குச் சரி. குச்சியிலோ கல்லிலோ நீர் ஏறிவிட்டால், பேச்சே இல்லை, எல்லோரும் எழுந்து வெளியே.

குச்சி காட்டும் முன்பே நீர் காட்டிக்கொடுக்கும். தெளிந்த நீரில் முதலில் பால் கலந்தது போல லேசான கலங்கல் வரும். பிறகு காய்ந்த இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வரும். கரையில் பல நாளாக ஒதுங்கிக் கிடந்த சருகை, ஏறுகிற நீர் எடுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அடுத்து நுரை. அதற்குள் மேலே லாரி வருவது போல ஓர் இரைச்சல் கேட்கும். இரைச்சல் கேட்ட பிறகு செருப்பு, துணி, போன் எதையும் எடுக்க நேரம் இல்லை. ஓடையின் நீளவாக்கில் கீழ்நோக்கி ஓடக்கூடாது, வெள்ளம் உங்களைவிட வேகமாக ஓடும். பக்கவாட்டில் கரையேறி, ஐந்தாறு மீட்டராவது உயரத்துக்குப் போங்கள்.

இன்னொரு அறிகுறி நேர்மாறானது. மழை மேகம் இருக்கும்போது ஓடையில் நீர் திடீரென்று குறைந்தால் மகிழ்ச்சி வேண்டாம். மேலே மரமோ மண்சரிவோ விழுந்து நீரைத் தடுத்திருக்கலாம். அது உடைந்தால் மொத்தமும் ஒரே அடியாக வரும்.

அக்கரையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? காத்திருங்கள். மழை நின்றால் சின்ன ஓடை சில மணி நேரத்தில் வடியும். இரவு காட்டில் தங்க நேர்ந்தாலும், ஓட்டத்தில் இறங்குவதைவிட அது மேல். வேகம் இரண்டு மடங்கானால் நீர் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் அளவு நீர்தானே என்று இறங்கியவர்கள் விழுவது அதனால்தான். விழுந்தவர் கால் பாறை இடுக்கில் சிக்கினால் முழங்கால் நீரே போதும், ஆளை மூழ்கடிக்க.

வேறு வழியே இல்லாமல் கடந்துதான் ஆக வேண்டும் என்றால், முழங்காலுக்குக் கீழே நீர், அடிப்பாறை கண்ணுக்குத் தெரிகிறது, கீழே அருவியோ கசம் என்னும் ஆழமான நீர்க்குழியோ இல்லை, இந்த மூன்றும் இருந்தால் மட்டும். ஓடை குறுகும் இடத்தில் ஆழமும் வேகமும் அதிகம். அகன்று பரவும் இடமாகப் பாருங்கள். பையின் இடுப்புப் பட்டியைக் கழற்றிவிடுங்கள். செருப்பைக் கழற்றாதீர்கள். முகம் ஓட்டத்தை எதிர்த்து மேலே பார்க்க, ஒரு தடியை முன்னால் ஊன்றி, ஒரு காலை நிலைநிறுத்திய பிறகே அடுத்த காலை நகர்த்துங்கள். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கவே கூடாது. விழுந்தால் கயிறு ஆளை ஓட்டத்தில் பிடித்து நிறுத்தும், நீர் தலைக்கு மேல் போகும்.

அடித்துச் செல்லப்பட்டால் மல்லாந்து, கால் முன்னே போகும்படி மிதந்து, ஓட்டம் தணியும் இடத்தில் கரைக்கு ஒதுங்குங்கள். நடுவில் எழுந்து நிற்க முயல வேண்டாம். கரையில் இருப்பவர் பின்னால் குதிக்கவும் வேண்டாம். கயிறு, வேட்டி, மூடிய காலி கேன், கையில் கிடைப்பதை எறியுங்கள்.

காட்டாற்றையும் அணையாற்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். திற்பரப்பு அருவி பேச்சிப்பாறை அணைக்குக் கீழே கோதையாற்றில் இருக்கிறது. மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு அடியில் ஓடும் பரளியாற்றில் மேலே பெருஞ்சாணி அணை இருக்கிறது. பேச்சிப்பாறையின் முழு அளவு 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. அன்றைய நீர்மட்டம் தினமும் செய்தியில் வருகிறது. முழு அளவை நெருங்கினால் உபரிநீர் திறப்பார்கள், அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள். அங்கே முன்கூட்டியே அறிவிப்பு உண்டு. காளிகேசம் போன்ற காட்டோடைக்கு அப்படி யாரும் சொல்லமாட்டார்கள்.

இடி

ஒலி மூன்று நொடியில் ஒரு கிலோமீட்டர் போகும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்துவிட்டால் பத்து கிலோமீட்டருக்குள் மின்னல் விழுகிறது. அடுத்தது உங்கள் தலைக்கு மேல் இருக்கலாம். மலையில் முகடு சத்தத்தை மறைக்கும் என்பதால், இடி காதில் விழுந்தாலே இறங்கத் தொடங்குவது நல்லது. கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழியாமல் திரும்ப ஏறக்கூடாது.

மருந்துவாழ்மலை இந்த விஷயத்தில் தனிக்கவனம் கேட்கும் மலை. சமவெளியில் தனியாக நிற்கும் பாறைக்குன்று. உச்சியில் நிற்பவர்தான் சுற்றுவட்டாரத்தில் உயரமான பொருள். கடலைப் பார்க்க மாலையில் ஏறுவது பலருக்கும் பிடிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் அதைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

முகடு, தனிமரம், இரும்புக் கம்பி, பாறைப் பொந்தின் வாய் எல்லாவற்றையும் விட்டு விலகுங்கள். மின்னல் பாறை மேல் பரவி வரும்போது பொந்து வாயில் நிற்பவர் உடம்பு வழியாகத் தாவும். கூட்டமாக நிற்காமல் ஆளுக்கு ஆள் பதினைந்து மீட்டர் விலகி நில்லுங்கள். ஒருவர் விழுந்தாலும் மற்றவர் காப்பாற்றலாம். பாதுகாப்பான இடம் என்றால் கட்டடம் அல்லது மேற்கூரை உள்ள கார். தகரக் கொட்டகையும் ஓலைப்பந்தலும் மழைக்குத்தான் ஆகும்.

மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்காது. உடனே தொடலாம், தொட வேண்டும். மூச்சு இல்லையென்றால் மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, ஐந்து செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. மின்னலில் நின்றுபோன இதயம் திரும்ப ஓடத் தொடங்குவது உண்டு. மூச்சு திரும்பத் தாமதமாகும். அதனால் சீக்கிரம் கைவிடாதீர்கள்.

உருள்பொட்டல்

கோடை மழையில் உருள்பொட்டல், அதாவது மண்சரிவு, குறைவு. பல நாள் தொடர்மழைக்குப் பின்தான் அதிகம். 2021 நவம்பரில் நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றது அப்படித்தான். ஆனாலும் ரப்பர் தோட்டத்து ரோட்டோரம் வெட்டிவிட்ட மண்சுவர்களைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். தரையில் புது வெடிப்பு, ஒரே பக்கம் சாய்ந்த மரங்கள், நேற்று இல்லாத இடத்தில் இன்று கசியும் கலங்கல் ஊற்று இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தச் சரிவின் அடியில் வண்டியை நிறுத்தாதீர்கள், நிழலுக்கு ஒதுங்காதீர்கள். சரிந்தால் கீழ்நோக்கி ஓடாமல் பக்கவாட்டில் விலகுங்கள்.

கிளம்பும் முன்

எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடமும் சாவடியிலும் எழுதிக் கொடுங்கள். 'மூன்று மணிக்குள் போன் வரவில்லையென்றால் கூப்பிடு' என்று எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்: மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108. பையில் விசில், டார்ச், பதினைந்து மீட்டர் கயிறு, பிளாஸ்டிக் உறையில் ஒரு காய்ந்த சட்டை. மழையில் நனைந்து, காற்றும் அடித்தால் மேல்மலையில் நம் ஊர் உடம்பும் நடுங்கும். பேச்சுக் குழறும் அளவுக்கு நடுங்கினால் ஈரத்துணியை மாற்றுவதுதான் முதல் வைத்தியம். அட்டைப்பூச்சிக்கு உப்பும் புகையிலையும்.

இறங்கி வந்ததும் சாவடியில் 'வந்துவிட்டோம்' என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால், மழை கொட்டும் இரவில் உங்களைத் தேடி இரண்டு காவலர்கள் மலையேற வேண்டிவரும். வழியில் ஓடை எங்கே கலங்கியிருந்தது, மண் எங்கே வெடித்திருந்தது என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள். மறுநாள் காலையில் வருகிற குழுவுக்கு அவர்கள் அதைச் சொல்லிவிடுவார்கள்.